எலுமிச்சம்பழத்தின் மேல் போட்ட பழி

வேன் எங்களுடையது. வாங்கும்போதே பழையது. என் வீட்டுக்காரர் பல வருடம் ஓட்டினார். பிறகு அவருக்குச் சர்க்கரை வந்தது, கண்ணைக் கெடுத்தது. எதிரில் வருவது லாரியா மாடா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஆரம்பித்தார். அன்றைக்குச் சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு ஓட்டத் தெரியும். மாங்காய்க் காலத்தில் ஆள் கிடைக்காதபோது அவரே கற்றுக்கொடுத்திருந்தார். லைசென்ஸ் எடுக்கச் சித்தூருக்குப் போனேன். ஆண்களை ஒரு சுற்று ஓட்டச் சொன்னவர் என்னை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஜாக்கிரதையா ஓட்டும்மா" என்றார். முன்னால் போன ஆண்களில் ஒருத்தருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பெண்பிள்ளைகள் ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். காலை ஷிப்டுக்குக் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் விடியற்காலை இருட்டிலேயே கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. என் வண்டிதான்.

பிள்ளைகளை அனுப்பிய தாய் தகப்பன் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். "நீ ஓட்றதால அனுப்புறோம்." வேறு வேன்காரர்கள் வந்து கேட்டார்கள். அனுப்பவில்லை. அந்த வார்த்தையில்தான் எங்கள் வீட்டுச் சோறு இருந்தது. பிள்ளைகளின் வேலையும் அதில்தான் இருந்தது. அது போனால் இரண்டும் போகும்.

கடைசியாகச் சம்மதித்தவர் எங்கள் தெருக்காரர். மாந்தோப்பில் காவல் வேலை. ஒரே மகள். அவளை என் பக்கத்தில் முன்சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவளும் அங்கேதான் உட்காருவாள். ஊரில் ஏறினால் ரேணிகுண்டா வரைக்கும் வாய் மூடாது.

மார்கழியில் கார்வேட்டிநகரம் தாண்டினால் பனி. வண்டியின் விளக்கு மஞ்சள். அதுவும் மங்கல். எதிரில் வருகிறவர்கள் வெள்ளை வெளிச்சத்தை அடித்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் தாண்டிப் போகிற வரைக்கும் எனக்கு ரோடே தெரியாது.

"யக்கா, இது ஹெட்லைட்டா, கார்த்திகைக்கு ஏத்துன அகலா?" என்பாள் முன்சீட்டுப் பெண்.

"காத்தடிச்சா அணஞ்சிடும். மொள்ளப் போக்கா," என்பாள் பின்னால் ஒருத்தி.

சிரிப்பார்கள். ஒரு நாள் புத்தூருக்கு முன்னால் ரோட்டில் படுத்திருந்த எருமையைக் கிட்டப் போய்த்தான் பார்த்தேன். பிரேக் போட்டேன். நின்றது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. விளக்கை மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

திருப்பதி போகிற ரோட்டில் ஒரு கடை. வண்டிக்கு வேண்டியதெல்லாம் வாசலில் தொங்கும். எல்.இ.டி., ஹாரன், கலர் லைட்டு, சீட்டு கவர். பிள்ளைகளைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, மாலை வரை சும்மா நிற்கிற நேரத்தில் அங்கே போனேன். வண்டியின் கதை தெரிந்தவர் என்று வீட்டுக்காரரையும் அன்றைக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

கடைக்காரன் எங்களைப் பார்த்தான். சரியாகச் சொன்னால் அவரைப் பார்த்தான்.

"செப்பண்டி அன்னா, இன்னா வேணும்?"

"வெளிச்சம் பத்தல," என்றேன் நான்.

"அன்னா, பல்ப மாத்திப் பிரயோஜனம் இல்ல. பாருங்க, இந்த பார் லைட்டு. ஊரே பகல் மாதிரி ஆயிடும்."

"வண்டி அவதான் ஓட்றா. அவகிட்ட சொல்லு," என்றார் வீட்டுக்காரர்.

"சரி அன்னா," என்று சொல்லிவிட்டு மறுபடி அவரிடமே பேசினான். அவர் கண்ணுக்குக் கடைக்காரன் ஒரு சட்டை, அவ்வளவுதான். அந்தச் சட்டை இருந்த பக்கம் திரும்பித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வேலை ஆரம்பித்தான். பம்பரில் ஒரு நீட்டு விளக்கு. உள்ளே நீல வெளிச்சம் தருகிற பட்டை. போன் சார்ஜ் போடப் பின்சீட்டு வரைக்கும் பாயிண்ட்டு. பாட்டுப் பாடுகிற ஹாரன். நான் கேட்டது வெளிச்சம் மட்டும். மற்றதெல்லாம் "செட்டா வருது அன்னா" என்று சேர்த்தான். பாட்டரி சீட்டுக்கு அடியில். அங்கிருந்து நீல வயரை இழுத்துக் காலடித் தகடு ஓரமாக முன்னால் கொண்டுபோனான்.

"நடுவுல ப்யூஸ் எங்க?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் எதைச் செய்தாலும் நடுவில் ப்யூஸ் வைப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு.

அவன் சிரித்தான். "அன்னா, அக்காவுக்கு மெக்கானிக் வேலையும் தெரியும் போல. ப்யூஸ் வெச்சா நடுவழில போயிடும் அக்கா. அப்புறம் இருட்டுல நிப்பீங்க. டைரெக்ட்டு பெஸ்ட்டு."

டீக்கடைப் பக்கம் போயிருந்த வீட்டுக்காரருக்கு இது கேட்கவில்லை. நான் இன்னொரு தரம் கேட்டேன். வயரை நறுக்கிக்கொண்டிருந்தான். பழைய மஞ்சள் விளக்கைக் கழற்றி மூலையில் வீசினான். நான் எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டேன்.

"அது எதுக்கு அக்கா, குப்பை," என்றான்.

கடைசியில் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய். புது சாமான் மாட்டினால் அந்தக் கடையில் கட்டாமல் வண்டியை அனுப்ப மாட்டார்கள். கண்பட்டுவிடும் என்று. கோர்ப்பதற்கு நூல் தேடினான். கிடைக்கவில்லை. கீழே மிச்சம் கிடந்த நீல வயரில் ஒரு சாண் எடுத்தான். தோலை உரித்தான். உள்ளே இருந்த செம்புக் கம்பியில் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் குத்திக் கோர்த்தான். பம்பரில் நீட்டு விளக்கை முடுக்கிய நட்டிலேயே சுற்றிக் கட்டினான். இன்னொரு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தான். நான் ஏற்றி நசுக்கினேன். கையெடுத்துக் கும்பிட்டான். எல்லாம் என் கண்ணுக்கு எதிரில் நடந்தது. இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு.

அன்றைக்கு மாலையில் பிள்ளைகளுக்குத் திருவிழா. உள்ளே நீல வெளிச்சத்தில் செல்பி எடுத்துக்கொண்டார்கள். எல்லார் போனிலும் சார்ஜ் ஏறியது.

"யக்கா, நம்ம வண்டி ஏர்பஸ் ஆயிடிச்சி!"

முன்சீட்டுப் பெண் என் கையைத் தள்ளிவிட்டு ஹாரனை அழுத்திப் பார்த்தாள். அது பாட்டுப் பாடியது. பாடும்போதெல்லாம் விளக்கு கண்ணைச் சிமிட்டியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள். ஓட்டினேன்.

விடியற்காலையில் ரோடு நன்றாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது. எதிரில் வந்தவருக்குத் தெரியவில்லை. பைக்கில் பால் கேன் கட்டிக்கொண்டு வந்த ஒருவர் என் வெளிச்சத்தில் கண் கூசி மண்ணில் இறங்கி விழப் பார்த்தார். காலை ஊன்றி நின்றார்.

"கண்ண புடுங்கவா லைட்டு போட்டுக்கினு வர? ஒன் வண்டில எழவு வுழ!"

அவர் திட்டியது நியாயம். இத்தனை நாள் நான் எதிரில் வருகிறவர்களைத் திட்டினேன். இப்போது என்னைத் திட்டுகிறார்கள். எதிரில் வண்டி வந்தால் அணைத்துவிடலாம் என்று சுவிட்சு மேலேயே கை வைத்துக்கொண்டு ஓட்டினேன். அணைத்தால் வேறு விளக்கு கிடையாது, எதிர் வண்டி தாண்டுகிற வரைக்கும் ஊர்ந்து போக வேண்டும். ஒரு விளக்கை வாங்கி அதை அணைத்து அணைத்து ஓட்டுவதற்கா அவ்வளவு தூரம் போனேன் என்று எரிச்சலாக இருந்தது.

அடுத்த வாரமே அது நடந்தது. நல்ல பனி. புத்தூருக்கு முன்னால், ரோட்டோரம் வீடில்லாத இடம். எதிரில் லாரி. நீட்டு விளக்கை அணைத்தேன். லாரி போனது. மறுபடி போடுவதற்குள் மூக்கில் ஏதோ ஏறியது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம்.

"யக்கா, கால் சுடுது," என்றாள் முன்சீட்டுப் பெண்.

கீழே பார்த்தேன். காலடித் தகட்டின் ஓரமாக வயர் புழு மாதிரி நெளிந்துகொண்டு எரிந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து புகை. வண்டியை ஓரம் கட்டினேன்.

"எறங்குங்க. எல்லாம் எறங்குங்க. ரோட்டுல நிக்காதீங்க, மண்ணுல நில்லுங்க."

இறங்கினார்கள். முன்சீட்டுப் பெண் செருப்பை விட்டுவிட்டு இறங்கினாள். சீட்டைத் தூக்கினேன். புகை முகத்தில் அடித்தது. ஸ்பேனர் எப்போதும் கதவில் இருக்கும். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பாட்டரி முனையைக் கழற்றினேன். எரிவது நின்றது. வண்டியில் ஒரு விளக்கும் இல்லை. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்தினேன்.

பனியில், இருட்டில், பின்னால் வருகிறவனுக்கு என் வண்டி தெரியாது. பிள்ளைகளின் போன் வெளிச்சத்தைப் பின்பக்கமாகக் காட்டச் சொன்னேன். வரிசையாக நின்று காட்டினார்கள். ஒரு பஸ் அதைப் பார்த்து விலகிப் போனது. போனில் சார்ஜ் இருந்தது ஒன்றுதான் அந்தக் கடைக்காரன் செய்த உபகாரம்.

வெளுக்கிற வரைக்கும் அங்கேயே நின்றோம். பிள்ளைகள் போனை வெளிச்சத்துக்கு மட்டும் வைத்திருப்பார்களா. வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டு சொன்னார்கள். கம்பெனிக் கேட் மூடிவிட்டது. அன்றைக்கு யாருக்கும் வேலை இல்லை.

வெளிச்சம் வந்ததும் முன்னால் போய்க் குனிந்து பார்த்தேன். எலுமிச்சம்பழம் கரிக்கட்டையாக இருந்தது. அதைக் கோர்த்த செம்புக் கம்பி ஆடி ஆடி நீட்டு விளக்கின் பின்னால் இருந்த முனையைத் தொட்டிருக்கிறது. அந்த முனைக்கு மூடி இல்லை. விளக்கை அணைத்தாலும் அதில் கரண்ட் நிற்கிற மாதிரி மாட்டியிருக்கிறான். அந்தக் கரண்ட் கம்பி வழியாக நட்டுக்குப் போய் வண்டியின் இரும்பில் இறங்கியிருக்கிறது. கம்பி முனையோடு உருகி ஒட்டிக் கிடந்தது. நட்டுப் பக்கத்தில் ஒரு துண்டு நீலத் தோல் மிச்சம்.

வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம். முன்சீட்டுப் பெண்ணின் அப்பா தெருமுனையில் நின்றார். மகளின் காலைப் பார்த்தார். கொப்புளம் ஒன்றும் இல்லை. இருந்தும் குனிந்து தடவிப் பார்த்தார்.

"இனிமே இவ வர மாட்டா," என்றார்.

"நைனா, அக்காதான் எல்லாரையும் எறக்கி வுட்டுச்சி," என்றாள் அவள்.

"நீ வூட்டுக்குப் போ."

என்னிடம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மற்ற வீடுகளில், "ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார்கள். அப்படி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அன்று சாயந்திரமே புத்தூர் வேன்காரன் ஒருவன் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வண்டியில் மாட்டிய எல்லாவற்றையும் கழற்றினேன். நீட்டு விளக்கு, ஹாரன், நீலப் பட்டை, கருகிய வயர். ஒட்டிய கம்பியை அப்படியே விட்டேன். கரியான எலுமிச்சம்பழத்தையும் பிடுங்கவில்லை. வேறொரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம், நானும் அவரும்.

கடையில் ஆள் இருந்தார்கள். சாக்கை மேஜைமேல் கவிழ்த்தேன்.

கடைக்காரன் பார்த்தான். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான்.

"ஏமி அன்னா இது?"

"ஓடற வண்டில எரிஞ்சிச்சி," என்றேன். "உள்ள பொண்ணுங்க இருந்தாங்க."

அவன் விளக்கைப் புரட்டினான். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"தோ பாருங்க அன்னா. எலுமிச்சங்கா. அக்கா அமாவாசைக்குக் கம்பில கோத்துக் கட்டிச்சி. பொம்பளைங்களுக்கு இன்னா தெரியும் கரண்ட பத்தி? சாமான்ல தப்பில்ல."

"கட்டுனது நீ," என்றேன்.

"நானா? நா நூல்லதான் கட்டுவேன் அன்னா."

"இது ஒன் வயரு. நீலம். இதோ, இது நீ பாட்டரிலேர்ந்து இழுத்த வயரு. ரெண்டும் ஒண்ணு."

"நீலம் எல்லா கடைலயும் கீது. அன்னா, நீங்க சொல்லுங்க. நா கட்டுனத நீங்க பாத்தீங்களா?"

அவர் எதைப் பார்ப்பார்? அவர் அந்த நேரம் டீக்கடையில் இருந்தார். இங்கேயே நின்றிருந்தாலும் கண் தெரியாது. கடைக்காரனுக்கு அதுவும் தெரியும். அவரிடம் சாட்சி கேட்டான். பார்த்த கண் எனக்கு இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

"எம் பொண்டாட்டி பாத்தா," என்றார் அவர். "அவ கண்ணுலதான் நா சோறே துன்றேன். அவ சொன்னா அது கட்டுனதுதான்."

"ஆம்பள இல்லாம வண்டி ஓட்டுனா இப்பிடித்தான் அன்னா ஆவும்," என்றான் கடைக்காரன். பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். "பர்வாலேது, பெரிய செட்டு ஒண்ணு வந்துகீது. அத்த போட்டுத் தரேன்."

எரிந்துபோனதற்குப் பதிலாக அதைவிடப் பெரியது. பேச்சு எனக்கு எப்போதும் லேட்டாகத்தான் வரும். சாமானை அவன் மேஜையிலேயே விட்டேன். எலுமிச்சம்பழம் ஒட்டிய கம்பியை மட்டும் விளக்கிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

புத்தூரில் நல்ல வயரும் ப்யூஸ் பெட்டியும் வாங்கினோம். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வண்டிக்கடியில் படுத்தோம். அவர் விரலால் தடவிச் சொல்லுவார். நான் பார்த்துச் சொல்லுவேன்.

"இது இன்னா கலரு?"

"செவப்பு."

"அதான் லைட்டுக்குப் போவுது. பின்னால கறுப்பு ஒண்ணு பாடில முடுக்கியிருக்கும். பாரு."

பார்த்தேன். அந்த போல்ட்டைச் சுற்றி ஒரே துரு. கரண்ட் திரும்பிப் போகிற அந்தக் கறுப்பு வயர் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன். தகடு பளபளவென்று வந்தது. முடுக்கினேன். சாக்கில் இருந்த பழைய மஞ்சள் விளக்கை மாட்டினேன். போட்டுப் பார்த்தேன்.

எதிர்ச் சுவர் மஞ்சளாக நிறைந்தது. முன்னைவிட இரண்டு பங்கு வெளிச்சம். அவருக்கே தெரிந்தது.

"எரியுதா மே?"

"எரியுது."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு போல்ட்டு. கொஞ்சம் துரு. உப்புத்தாள் இருந்தால் போதும். அந்தக் கடைக்காரனுக்கு இது தெரியாதா? அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில்தான் அவன் வயரைக் கொண்டுபோயிருந்தான். தெரிந்தேதான் சொல்லாமல் விட்டான். துருவைத் தேய்த்து அனுப்பினால் அவன் விற்பதற்கு என்ன இருக்கிறது? அதற்காக என் வண்டியில் இருக்கிற பிள்ளைகளை எரிய வைத்து அனுப்புவானா? அன்றைக்கு வந்த கோபம் எருமையைப் பார்த்துப் பிரேக் போட்டபோதும் வரவில்லை. பாட்டரியைக் கழற்றும்போதும் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை வழக்கம்போல வண்டியை எடுத்துத் தெருமுனையில் நிறுத்தினேன். விளக்கைப் போட்டே வைத்தேன். வருவார்களா என்று தெரியாது. முதலில் ஒருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர். ஏறவில்லை. நின்றார்கள். யாரை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. முன்சீட்டுப் பெண் ஏறினால் எல்லாரும் ஏறுவார்கள்.

அவள் வந்தாள். அவள் அப்பாவும் வந்தார். மகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். வண்டியைச் சுற்றி வந்தார். விளக்குக்கு முன்னால் நின்றார்.

"சீட்டைத் தூக்கு," என்றார்.

தூக்கினேன். டார்ச் அடித்தார்.

"இது இன்னா?"

"ப்யூசுண்ணா. வயருல கோளாறு வந்தா இது போயிடும். வயரு எரியாது."

"முன்ன ஏன் இல்ல?"

பையில் இருந்த கரி எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். கடைக்காரன் யார் மேல் பழி போட்டான் என்பதையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியது கிடையாது. அவர் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பிலயா கோத்தான்? தோட்டத்துல கரண்ட் வேலி போட்டவன்கூட இப்பிடி செய்ய மாட்டான்."

பிறகு பம்பரைப் பார்த்தார். "இப்ப எலுமிச்சங்கா இல்லியா?"

"இல்லண்ணா."

"அதெப்படி? அது இல்லாம எம் பொண்ண ஏத்துவனா?"

ப்யூசைப் பார்த்தார், தலையாட்டினார். எலுமிச்சம்பழம் இல்லை என்றதும் முகம் சுருங்கியது. வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

"எதுல கோத்த?" என்று கேட்டேன்.

"நூலுதாம்மா. இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தேன். அறுந்தது. அவர் பதறினார், அபசகுனம் என்று. நான் இரண்டு நூலாகச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். விளக்குப் பக்கம் விடவில்லை. நம்பர் பலகைக்குக் கீழே நானே கட்டினேன்.

"ஏறு," என்றார் மகளிடம்.

அவள் முன்சீட்டில் ஏறினாள். பின்னால் எல்லாரும் ஏறினார்கள். கேட் மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம்.

மாலையில் திரும்பும்போது டீசல் போட வேண்டித் திருப்பதி ரோட்டுக்குப் போனேன். அந்தக் கடை வாசலில் ஒரு ஆட்டோ. புதிதாக லைட்டு மாட்டியிருந்தது. கடைக்காரன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எலுமிச்சம்பழம் கட்டிக்கொண்டிருந்தான். கையில் நீல வயர்.

வண்டியை நிறுத்தினேன். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அந்தக் கம்பிய அவுத்துடுண்ணா. எரிஞ்சிடும். எனக்கு எரிஞ்சிச்சி."

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த ஸ்டீரிங்கைப் பார்த்தார். பிறகு கடைக்காரனிடம் கேட்டார்.

"அவுக்கணுமா அன்னா?"

"வேணாம் அன்னா. அந்த அம்மா சும்மா சொல்லுது."

"சும்மாவா?" என்று முன்சீட்டுப் பெண் கண்ணாடிக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினாள். "எங் காலு வெந்துடப் பாத்திச்சி! அவுத்துடுண்ணா அத்த!" பின்னால் இருந்த பிள்ளைகளும் கத்தினார்கள். தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. ரோட்டில் போனவர்கள் நின்றார்கள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஹாரனில் கை வைத்தேன். பழைய ஹாரன். பாட்டெல்லாம் பாடாது, ஒரே சத்தம்தான். ஆட்டோக்காரர் குனிந்து அந்தக் கம்பியை அவிழ்க்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.